இருபத்திரண்டு நிமிடம்

அனுமதிக் கடிதத்தைக் கண்காணிப்பாளர் உரக்கப் படித்தபோதுதான் தான் செய்த தவறு அவளுக்குத் தெரிந்தது. எத்தனையோ முறை அதே கடிதத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். கண்ணுக்குத் தட்டுப்படாதது காதில் வந்து விழுந்தது.

"விண்ணப்பதாரரின் மத நம்பிக்கையைக் கருத்தில் கொண்டு, அவர் காலை ஒன்பது மணி முதல் தனி அறையில் கண்காணிப்பில் வைக்கப்படுவார். வினாத்தாள் மாலை ஆறு மணிக்கு வழங்கப்பட்டு, ஏழரை மணிக்குத் திரும்பப் பெறப்படும்." அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "புரிஞ்சுதாம்மா?"

"ஆறு மணின்னா போட்டிருக்கு?"

"ஆறுதான். நீங்க கேட்ட நேரம். கீழே கையெழுத்தும் நீங்க போட்டதுதான்."

அவள் போட்ட கையெழுத்துதான். பெயரின் கடைசி எழுத்துக்குக் கீழே, சூடான குழாயில் கை பட்டவள்போல அவள் எப்போதும் இழுக்கும் கோடுகூட இருந்தது.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதில் தொடங்கி சனிக்கிழமை சூரியன் மறையும்வரை எந்த வேலையும் செய்யாத சபை அவளுடையது. ஒவ்வொரு வாரமும் சூரியன் மறையும் நேரத்தை அச்சிட்டு, ஆண்டுக்கு ஒரு அட்டையாகச் சபையில் கொடுப்பார்கள். அவள் வீட்டில் அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. பாய்லர் இயக்குவதற்கான சான்றிதழ்ப் பரீட்சை முதலில் அறிவிக்கப்பட்டிருந்த சனிக்கிழமையில் அட்டை சொன்ன நேரம் ஐந்து ஐம்பத்தேழு. மூன்று நிமிடம் கூட்டி ஆறு என்று எழுதிக் கொடுத்தாள். பிறகு ஒரு புயல் வந்து பரீட்சைக் கூடத்தின் ஜன்னல் கண்ணாடிகளை உடைத்துப் போட, பரீட்சை மூன்று வாரம் தள்ளிப்போனது. புதிய விண்ணப்பத்தில் தேதியை மாற்றினாள். நேரத்தை மாற்றவில்லை. அந்த மூன்று வாரமும் பகல், விருந்துக்கு வந்து கிளம்ப மனமில்லாத சொந்தக்காரரைப்போலக் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே இருந்தது. இன்று சூரியன் மறைவது ஆறு இருபத்திரண்டுக்கு.

"சூரியன் மறைந்த பிறகு" என்று மட்டும் எழுதியிருந்தால் போதும். அதிகாரிகளுக்கு மணிக் கணக்கில் சொன்னால்தான் பிடிக்கும் என்று அவளே நினைத்துக்கொண்டு எழுதியதன் பலன் இது.

"சார், இதை ஆறு இருபத்திரண்டுன்னு மாத்த முடியுமா? முடிக்கிறதையும் இருபத்திரண்டு நிமிஷம் தள்ளி?"

"நான் யாரும்மா மாத்துறதுக்கு? பெரிய அதிகாரி மாத்தணும்."

"போன் பண்ணிக் கேட்கலாமா?"

"சனிக்கிழமை அவர் போனையே எடுக்க மாட்டார்." கண்காணிப்பாளர் கடிதத்தை மடித்தார். "அவரும் உங்க சபையோ என்னவோ."

ஆனாலும் அவர் போன் செய்தார். அவள் எதிரிலேயே, ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு, நான்கு தடவை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வெற்று அறையில் ஒரு மேசை மேல் தொலைபேசி தனியாக அழுவதை அவளால் பார்க்க முடிந்தது.

"சரி சார். பார்த்துக்கலாம்," என்றாள்.

அவள் சொன்ன தொனி அவருக்குப் பிடிக்கவில்லை. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாதவர்களை அவருக்கு எப்போதும் பிடிக்காது.

*

மூன்றாம் மாடியில் தையல் வகுப்பு நடக்கும் அறையை அவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். சுவர் ஓரமாக உறை போட்ட தையல் இயந்திரங்கள். ஜன்னல் பக்கம், கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லாத பன்னிரண்டு துணிப் பொம்மைகள், யாரோ கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவைபோல நின்றன.

"இதுங்க காதுல குசுகுசுன்னு விடை கேட்டுடப் போறீங்க," என்றார் கண்காணிப்பாளர். "காது இல்லாதது நல்லதாப் போச்சு."

அவளுடைய கைப்பை, கைபேசி, கைக்கடிகாரம், வேதப் புத்தகம் எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போயின. வேதப் புத்தகத்தை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் கொடுத்தாள்.

"அதுலே பாய்லரைப் பத்தி ஒண்ணும் இல்லை சார்."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் படிச்சதில்லை. புத்தகம்னா புத்தகம்தான்."

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ரொட்டித் துண்டுகளைப் பிரித்துப் பார்த்து, வேகவைத்த முட்டைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு ஆரஞ்சுகளையும் முகர்ந்து பார்த்தார். அதற்கு என்ன காரணம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பத்து மணிக்குக் கீழே கூடத்தில் மற்ற நாற்பது பேரும், எல்லாரும் ஆண்கள், பரீட்சையைத் தொடங்கினார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம் மூன்று மாடி ஏறி வந்தது. பதினொன்றரைக்கு அவர்கள் வெளியே போய்ச் சிரித்தார்கள், இருமினார்கள், ஒருவன் இன்னொருவனிடம் "அடப்பாவி, மூணாவது கேள்விக்கு..." என்று தொடங்கினான். கண்காணிப்பாளர் எழுந்து ஓடி ஜன்னலைச் சாத்தினார். அந்த ஓட்டத்தில் ஒரு பொம்மை விழுந்தது.

அவளுக்கு அந்தக் கேள்விகள் எதுவும் தேவைப்படவில்லை. பெரிய சலவை ஆலை ஒன்றின் பாய்லர் அறையில் ஆறு வருடமாக உதவியாளாக இருக்கிறாள். மருத்துவமனைகளின் போர்வைகளும் விடுதிகளின் மேசை விரிப்புகளும் அவள் எழுப்பும் நீராவியில்தான் வெளுக்கின்றன. எரிகிற சத்தத்தை வைத்தே காற்று கூடியிருக்கிறதா எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று சொல்வாள். அங்கே அவளுக்குப் பெயரே 'சனிக்கிழமை' தான். "சனிக்கிழமை எங்கே?" என்று திங்கட்கிழமை கேட்பார்கள்; "சனிக்கிழமை டீ குடிக்கப் போயிருக்கு" என்று பதில் வரும்.

இல்லாதது சான்றிதழ் மட்டும்தான். பரீட்சை வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் சனிக்கிழமையில். இரண்டு வருடம் அவள் போகவே இல்லை. இந்த மாதக் கடைசியோடு தலைமைப் பாய்லர்க்காரர் ஓய்வு பெறுகிறார். "இந்தத் தடவை சான்றிதழ் வந்தா அந்த இடம் உனக்கு. வரலைன்னா வெளியிலேருந்து ஆளை எடுக்கணும்மா, என்னைக் கோச்சுக்காதே," என்று மேலாளர் சொல்லியிருந்தார். வெளியிலிருந்து வருபவர் சனிக்கிழமை விடுப்பை ஒத்துக்கொள்வாரா என்பது யாருக்கும் தெரியாது. இப்போது இருப்பவர் ஒத்துக்கொண்டதே, அவள் ஞாயிற்றுக்கிழமை வேலையை முழுசாகத் தன் தலையில் எடுத்துக்கொண்டதால்.

ஆக இன்று அவள் கணக்கு சுருக்கமானது. தொண்ணூறு நிமிடம், ஆறு கேள்விகள், தேர்ச்சிக்கு நூற்றுக்கு அறுபது மதிப்பெண். அதில் இருபத்திரண்டு நிமிடம் அவளுடையது இல்லை.

அது அவளுடையது இல்லை என்பதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. அதை அவள் ஒரு தியாகமாகவும் நினைக்கவில்லை. பக்கத்து வீட்டு மாடியைத் தன் மாடி என்று எப்படி நினைக்க முடியாதோ அப்படித்தான்.

*

மத்தியானம்தான் அவளுக்கு வேறொன்று உறுத்தத் தொடங்கியது.

கண்காணிப்பாளர் ஒரு கோணிப்பை நிறையப் பழைய வருகை அட்டைகளைக் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து, பெரிய பதிவேட்டில் எழுதி, அட்டையை வலப்பக்கம் கவிழ்த்து வைத்தார். பேனா கரகரவென்று ஓடியது. நடுநடுவே கொட்டாவி விட்டார். கொட்டாவியை வாய் திறக்காமல் விட அவருக்குத் தெரிந்திருந்தது; காது மட்டும் பின்னால் போய் வந்தது.

"இன்னிக்கு உங்களுக்கு வேலை நாளா சார்?"

"எனக்கா? லீவு. மத்தியானம் நான் தூங்குறதே சனிக்கிழமை ஒரு நாள்தான். ஆறு நாள் தூக்கத்தையும் சேர்த்து வெச்சு ஒரே போடு. என் வீட்டுக்காரி கதவைச் சாத்திட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவா, அப்படிக் குறட்டை." ஒரு அட்டையைக் கவிழ்த்தார். "போன வாரம் கூப்பிட்டு, ஒரு அம்மா சனிக்கிழமை வேலை செய்யாதாம், அதனால நீ வந்து வேலை செய்யுன்னாங்க. எனக்குச் சனி எந்த ரூபத்துல வருது பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளால் சிரிக்க முடியவில்லை.

வேதத்தில் உள்ள கட்டளை அவளை மட்டும் ஓயச் சொல்லவில்லை. பிள்ளைகள் ஓயவேண்டும், வேலை செய்கிறவர்கள் ஓயவேண்டும், மாடு ஓயவேண்டும், வாசலுக்குள் வந்திருக்கிற அந்நியரும் ஓயவேண்டும். சின்ன வயதிலிருந்து ஒப்பித்தது. மூன்று மாதமாகக் கடிதம் மேல் கடிதம் எழுதி இந்த நாளைக் கேட்டு வாங்கியபோது, தான் ஒரு அறையில் சும்மா உட்கார்ந்திருப்பதைத்தான் அவள் கற்பனை செய்தாள். அந்தக் கற்பனையில் எதிரே ஒரு ஆள் இருக்கவே இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பவளைப் பார்த்துக்கொண்டு ஒருவர் வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பது தோன்றவே இல்லை.

"சார், நீங்க கொஞ்சம் தூங்குங்க."

"என்னது?"

"நான் எங்கேயும் போகமாட்டேன். நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கிறேன். ஜன்னலைக்கூடப் பார்க்கமாட்டேன்."

"நல்லாருக்கே கதை. நான் தூங்கணும், நீங்க என்னைக் கண்காணிக்கணும். அப்புறம் பரீட்சையையும் நானே எழுதிடவா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. என்னாலதானே உங்க தூக்கம் போச்சு."

கண்காணிப்பாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவளை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷம்மா. பரீட்சை அறையிலே ஒரு நிமிஷம் கண் அசந்ததில்லை. என் கல்யாணத்துக்கு மறுநாள்கூட டூட்டி பார்த்தேன். மத்தவன் ஜன்னல் வழியா வெளியே பார்ப்பான், பேப்பர் படிப்பான். நான் பார்க்கிறதில்லை. யாரும் கேட்கமாட்டாங்க, தெரியும். ஆனா எனக்குத் தெரியும் இல்லையா?"

அவள் தலையாட்டினாள். அவர் சொன்னது, ஏதோ ஒரு வெளிநாட்டில் திடீரென்று தன் வீட்டு மொழியைக் கேட்டதுபோல அவளுக்கு இருந்தது.

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். வெள்ளிக்கிழமையே எல்லாம் செய்து முடித்தாயிற்று. அடுக்கி வைத்தவர் கணவர். அவர் தரை ஓடு பதிக்கிறவர். இரண்டு ஓடு உடையும் என்று நினைத்தே எதையும் எண்ணுகிறவர், அதனால் எப்போதும் இரண்டு பேருக்கு வைப்பார். காலையில் வாசலில் விட்டபோது, "பயமா இருக்கா?" என்று கேட்டார். "உங்களுக்குத்தான் வேர்க்குது," என்றாள் அவள்.

"சாப்பிடுங்க சார். இருக்கு."

"பரீட்சை எழுத வந்தவங்ககிட்ட வாங்கிச் சாப்பிட்டா அது லஞ்சம்."

"முட்டையா?"

"முட்டையிலதான் ஆரம்பிக்கும்."

அவர் பையிலிருந்து நான்கு பிஸ்கட்டுகளை எடுத்துத் தின்றார். அவள் வற்புறுத்தவில்லை. ஒரு ஆரஞ்சை மட்டும் இருவருக்கும் நடுவில் இருந்த மேசையில் வைத்தாள். "இதை நான் யாருக்கும் குடுக்கலை. சும்மா வெச்சிருக்கேன்."

பிறகு, மனப்பாடமாக இருந்த பாட்டுகளை மனதுக்குள்ளேயே பாடினாள். பொம்மைகளின் நிழல் தரையில் மெதுவாகச் சாய்ந்து, தையல் இயந்திரங்களின் உறைமேல் ஏறியது. ஒரு முழு நாளை அதன் ஓரங்களோடு சேர்த்து இப்படிப் பார்த்து வெகு நாளாயிற்று. வீட்டில் சபைக்குக் கிளம்புவதும் வருவதும் பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவதுமாக ஓய்வுநாள்கூட ஓடிவிடும். இங்கே அது ஓடவில்லை. பெரிய, அமைதியான மிருகம்போல அறையில் படுத்திருந்தது. அதன் மறுபக்கத்தில் பேனா கரகரத்துக்கொண்டே இருந்தது.

*

ஐந்தே முக்காலுக்குக் கண்காணிப்பாளர் முத்திரையிட்ட உறையை எடுத்து மேசையின் நடுவில் வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க," என்றார் குரலைத் தாழ்த்தி. அறையில் பொம்மைகளைத் தவிர யாரும் இல்லை. "ஆறு மணிக்குப் பிரிச்சேன்னு எழுதிடறேன். ஆனா நீங்க ஆறு இருபத்திரண்டுக்கு ஆரம்பிங்க, ஏழு அம்பத்திரண்டுக்குக் குடுங்க. ஏழரைக்கு வாங்கினதா எழுதிடறேன். வாட்ச்மேன் எனக்குத் தெரிஞ்சவன். யாருக்குத் தெரியப்போவுது?"

சொல்லி முடித்ததும் அவர் முகம் சிவந்தது. அந்த வார்த்தைகள் தன் வாயிலிருந்து வந்தவைதானா என்று பார்ப்பதுபோல இருந்தார்.

அது பெரிய உதவி. அவளுக்கு வேண்டியது அத்தனையும் அதில் இருந்தது. பாய்லர் அறையின் பச்சைக் கதவு, பதிவுப் புத்தகத்தின் முதல் கட்டத்தில் அவள் பெயர், இனி ஒருவரிடமும் கேட்க வேண்டியிராத சனிக்கிழமைகள்.

"வேண்டாம் சார்."

"ஏம்மா? என்ன பிடிவாதம் இது?"

"நீங்க இருபத்தாறு வருஷமா தூங்காத ஆளு. எனக்காகத் தூங்க வேண்டாம்."

கண்காணிப்பாளர் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்குச் சரியாக உறையைக் கிழித்தார். வினாத்தாளையும் விடைத்தாளையும் அவள் முன்னால் வைத்தார். வினாத்தாளைக் கவிழ்த்து வைத்தார். பரீட்சைப் பதிவேட்டில் 6.00 என்று எழுதினார்.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

தாள் மெல்லியது. சாய்ந்த வெளிச்சம் அதை ஊடுருவிக்கொண்டு வந்து, எழுத்துகளை இடம் வலமாகத் திருப்பிக் காட்டியது. ஒரு இலக்கம் தெரிந்தது, ஒரு வார்த்தையின் பாதி தெரிந்தது. 'அழுத்தம்' ஆக இருக்கலாம். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஆறு அஞ்சு," என்றார் கண்காணிப்பாளர்.

"சரி சார்."

"தொண்ணூறுல அஞ்சு போச்சு. எம்பத்தஞ்சு."

"ஆமா சார்."

அவர் பேனாவை எடுத்து ஒரு அட்டையைப் பார்த்தார். எழுத முடியவில்லை. மூடியைத் திருகி மூடினார். எழுந்து நடந்தார், பொம்மைகளுக்கு நடுவே ஒரு சுற்று போனார், வந்து உட்கார்ந்தார். எதிரே இருந்த உயரமான கட்டடத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. அறையில் சட்டென்று நிறம் மாறியது.

"மறைஞ்சாச்சு! ஆறு பன்னிரண்டு. இதோ பாருங்க, மறைஞ்சாச்சு."

"கட்டடம் மறைச்சிருக்கு சார். சூரியன் இன்னும் மறையலை."

"கண்ணுக்குத் தெரியலைன்னா மறைஞ்சதுதானேம்மா?"

"அப்படின்னா மழைக் காலத்துல எங்களுக்கு ஓய்வுநாளே கிடையாது."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. அதற்குப் பிறகு நேரம் சொல்வதை விட்டுவிட்டார். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. கைகள் தாமாகவே போய் நடுமேசையிலிருந்த ஆரஞ்சை எடுத்தன. தோலை உரித்தார், ஒவ்வொரு சுளையாக, நார் நீக்கி, மிகப் பொறுமையாகத் தின்றார். நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். காலையிலிருந்து கரகரத்த பேனா மூடிக் கிடந்தது. அறையில் இப்போது வேலை என்று எதுவும் நடக்கவில்லை. ஆரஞ்சு வாசனை பொம்மைகள்வரை போய்ச் சேர்ந்தது. அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று தோன்றியது. அந்தப் பத்து நிமிடத்தை அவள் அந்த நாள் முழுவதிலும் சிறந்த பகுதியாக நினைத்தாள்.

சுவர்க் கடிகாரம் ஆறு இருபத்திரண்டைத் தொட்டது. கண்காணிப்பாளர் துள்ளி எழுந்தார். "ம், ஆரம்பிங்க!"

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"இன்னும் என்னம்மா!"

"முடிச்சு வைக்கணும் சார். ஒரே நிமிஷம்."

"என்னைக் கொல்லாம விடமாட்டீங்க."

அவள் நாளுக்கு நன்றி சொன்னாள். எதிரே இருந்தவரின் போன தூக்கத்துக்காக மன்னிப்புக் கேட்டாள். தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை ஆறு வருடமாகக் கைகளால் கற்றாயிற்று. ஆமென் சொல்லித் தாளைத் திருப்பினாள்.

*

அறுபத்தேழு நிமிடம்.

முதல் கேள்வி பாதுகாப்பு வால்வைப் பற்றியது. அதை அவள் வாரம் ஒருமுறை சோதிப்பவள். கை தயங்காமல் போனது. எண்ணெய், காற்று, புகையின் நிறம்; அடியில் படியும் சேறு, அதை எப்போது வெளியேற்றுவது; தண்ணீரின் கடினத்தன்மை. படித்ததை நினைவுபடுத்த நேரமில்லாததால் பார்த்ததை எழுதினாள். நான்காவது கேள்வியில் வரைபடம் கேட்டிருந்தார்கள். ஸ்கேல் எடுக்க நேரமில்லாமல் வெறும் கையால் வரைந்தாள். குழாய்கள் கொஞ்சம் உயிருள்ளவைபோல வளைந்துவிட்டன. பெயர்களை எல்லாம் சரியான இடத்தில் எழுதினாள்.

கண்காணிப்பாளர் அசையவில்லை. நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் வந்தபோதுகூட வெளியே போய் இருமினால் விதிமீறல் என்பதால் கைக்குட்டைக்குள் இருமினார்.

ஏழு இருபத்தாறுக்கு ஐந்தாவது முடிந்தது. ஆறாவது கேள்வியைப் பார்த்தாள். "பாய்லர் எரிந்துகொண்டிருக்கும்போது நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை எனில் என்ன செய்வீர்கள்?"

நான்கு நிமிடம் இருந்தது. மூன்று வரி எழுதினாள். பேனாவை மூடினாள். இன்னும் ஒரு நிமிடம் மீதி இருந்தது. அதை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் தாளை வாங்கி, பக்கங்களை எண்ணி, உறைக்குள் போட்டு ஒட்டினார். பதிவேட்டில் குறிப்புகள் என்ற கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார். அவள் படிக்கும்படி திருப்பி வைத்தார். 'வினாத்தாள் 6.00 மணிக்கு வழங்கப்பட்டது. விண்ணப்பதாரர் 6.23 வரை அதைத் தொடவில்லை. 7.29 மணிக்கு ஒப்படைத்தார்.' அவள் கீழே கையெழுத்திட்டாள்.

துணிப்பையிலிருந்து பொருள்களைத் திருப்பிக் கொடுத்தார். வேதப் புத்தகத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். விளக்குகளை அணைத்துக்கொண்டு இருவரும் படி இறங்கினார்கள். இரண்டாம் மாடியில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாம் எழுதினீங்களா?"

"அஞ்சு முழுசா எழுதிட்டேன். ஆறாவது மூணு வரி."

"இருபது மார்க் கேள்வி அது. மூணு வரி போதுமா?"

"அடுப்பை அணைக்கணும், தண்ணி விடக் கூடாது, ஆறுறவரைக்கும் யாரும் கையை வைக்காமக் காத்திருக்கணும். அவ்வளவுதான் சார்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அதுக்கு மேல எதையாவது செஞ்சா வெடிச்சிடும்."